மோர்டென்ஸ்ருட்டில் ஒரு பங்கர்

அந்தப் போர் பதினான்கு நாட்களில் எங்கள் வீட்டுப் பின்வளவுக்கு வந்து சேரும் என்று நான் நம்பினேன். சும்மா பயத்தில் அல்ல, கணக்குப் போட்டு நம்பினேன். எப்படிக் கணக்குப் போட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் என் மனைவி மறைக்கமாட்டாள்.

ரஷ்யா உக்ரேனுக்குள் படையை இறக்கிய செய்தி வந்த காலை, நான் வேலைக்குப் புறப்படச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிப்போய் மகளின் பழைய பள்ளிக்கூட நிலப்படப் புத்தகத்தை இழுத்தெடுத்தேன். நோர்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே, உச்சியில், ஒரு பொது எல்லை இருக்கிறது. அதில் கட்டைவிரலை ஊன்றிச் சின்னவிரலை ஒஸ்லோவுக்கு நீட்டினேன். அரைச் சாண். நான் ஐந்தாம் வகுப்பில் படித்த புத்தகத்தில் மட்டக்களப்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இருந்ததும் அதே அரைச் சாண்தான். அந்தத் தூரத்தை பஸ் ஒரு பகலில் ஓடும். டாங்கி பஸ்ஸைவிட மெதுவாகப் போகும், வழியெல்லாம் பனி, படை நடுவில் நின்று சாப்பிடவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாகப் பதினான்கு நாள் கொடுத்தேன்.

பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மகள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, மோலெஸ்டொக்கைப் பாத்தனீங்களா?” என்று படத்தின் மூலையில் இருந்த அளவுகோலைத் தொட்டுக் காட்டினாள். அதன்படி பார்த்தால் அரைச் சாண் என்பது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

“சரி, அப்ப இருபத்தெட்டு நாள்” என்றேன்.

“ஆர்லி தால்த், அப்பா!” என்றாள். நோர்வேஜியத்தில் ‘உள்ளதைச் சொன்னால்’ என்று அதற்குப் பொருள்; பொறுமை போனால் சொல்வது. என் மகள் அதைச் சொன்ன பிறகு மேற்கொண்டு எதையும் சொல்வதில்லை; கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்கும்.

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அந்த வாரம் முழுவதும் உருளைக்கிழங்கு அவிந்ததோ இல்லையோ, செய்தி அவிந்துகொண்டே இருந்தது. உக்ரேன் என்ற நாட்டுக்கு என் வயதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. தனிக்குடித்தனம் போய் முப்பது வருடமான ஒரு வீட்டின் கதவை, அதை முன்பு ஆண்டவன் உடைத்துக்கொண்டு வந்து “நீ இன்னும் என்ரை ஆள்தான்” என்கிறான். வீட்டுக்காரனோ ஓடவில்லை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திருப்பி அடிக்கிறான்! எனக்கு அந்த நாட்டு ஊர்களின் பெயர் வாயில் நுழையாது. ஆனால் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. ஒரு டாங்கி வயலில் புதைந்து நிற்பதைத் தொலைக்காட்சி காட்டியபோது நான் போட்ட சத்தத்தில், உணவறையில் இருந்த தொண்ணூறு வயது அம்மையார் ஒருவர் நோர்வே கோல் அடித்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்.

பக்கம் நிற்பது ஒன்று, பயப்படுவது வேறொன்று. நான் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தேன். அரிசி மூட்டை ஐந்து, பருப்பு இரண்டு, தேங்காய்ப்பால் தகரம் ஒரு பெட்டி, நெத்தலிக் கருவாடு, மெழுகுதிரி, மண்ணெண்ணெய், அடுப்புக்குத் திரி. லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் என் பழைய கூட்டாளிக்குப் போன் போட்டு, “மச்சான், நீயும் சாமான் வாங்கி வை” என்றேன். அவன், “எனக்கென்னத்துக்கு? நீ வாங்கி வச்சிரிக்கிறாய்தானே, நான் உங்கிட வீட்ட வந்திருவன்” என்றான். எங்கள் மட்டக்களப்பான் மூளை அப்படித்தான் ஓடும்.

மனைவி யாழ்ப்பாணம். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் துணிக்கடை ஒன்றில் வேலை. அன்று வேலை முடிந்து வந்தவள், வீட்டு நடையில் அடுக்கிக் கிடந்த மூட்டைகளைத் தாண்டக் காலைத் தூக்கியபடியே நின்றாள்.

“என்னப்பா, ஆருக்குக் கலியாணம்?”

“சண்டை வருகுது.”

“சண்டை வந்திட்டுது. இப்ப, இஞ்சை, எங்கடை வீட்டிலை. உந்தக் கருவாட்டை என்ரை குளிருடுப்பு அலுமாரிக்குள்ளையோ வைச்சனீங்கள்?”

“காத்துப் புகாத இடம் அதுதான் இரிக்கு.”

“இரிக்கும், இரிக்கும். நாளைக்குக் கடையிலை என்னை மணந்து பாத்திட்டு எல்லாரும் ஓடட்டும். ரஷ்யன் வரத் தேவையில்லை, ஸ்ட்ரோம்மன் தானாக் காலியாகும்.”

ஆனால் சாமான் வாங்குவது எனக்குத் தெரிந்த கலையே அல்ல. என் கைகளுக்குத் தெரிந்த யுத்தக் கலை ஒன்றே ஒன்றுதான்: பங்கர் வெட்டுவது. நான் துப்பாக்கி தொட்டவனில்லை. ஆனால் ஊரில் சண்டை நடந்த காலத்தில், பதினேழு வயதுக்குள், ஏழு பங்கர் வெட்டியிருக்கிறேன். ஏழும் ‘ட’ வடிவம். நேராக வெட்டினால் வாசலில் விழுகிற ஷெல்லின் துண்டு நேரே உள்ளே வந்து குசலம் விசாரிக்கும். நடுவில் ஒரு முடக்கு இருந்தால் மண்சுவரில் மோதி அங்கேயே நின்றுவிடும். எங்கள் ஒழுங்கையில் என்னைக் கேட்காமல் ஆரும் மண்வெட்டியை ஊன்றியதில்லை. வேறெந்தப் பாடத்திலும் எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

எங்களுடையது ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில், ஒரு வரிசை வீடு. பின்னால் நாலைந்து பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு வளவு, சாமான் கொட்டில், அதற்கப்பால் பக்கத்து வீட்டு வேலி. பெப்ரவரியிலேயே இறங்கினேன். முதல் கொத்தில் மண்வெட்டி ‘ணங்’ என்று துள்ளி என் தாடையைப் பார்க்க வந்தது. நிலம் முழங்கை ஆழத்துக்கு உறைந்து கிடந்தது. இந்த நாட்டில் பங்கர் வெட்டுவதற்கும் பருவம் பார்க்கவேண்டும்.

பதினான்கு நாள் போயிற்று. இருபத்தெட்டும் போயிற்று. புத்தியுள்ளவன் விட்டிருப்பான். ஏப்ரலில் பனி உருகியதும் நான் மண்வெட்டியைத் தூக்கினேன்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற நோர்வேஜிய ஆசிரியரும் அவர் மனைவியும். ஆசிரியர் காலைக் கோப்பியோடு வேலிக்கு மேலால் பார்த்தார். நான் அதற்குள் இடுப்பளவு ஆழத்தில் நின்றேன்.

“நல்ல காலை. என்ன செய்கிறீர்கள்?” என்றார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வருடம் இந்த நாட்டில் வேலை செய்து, வரி கட்டி, பனி வழித்து, நல்ல அயலவன் என்று பெயரெடுத்த ஒருவன், “உங்கள் நாட்டில் ஷெல் விழப்போகிறது, நான் பதுங்கக் குழி தோண்டுகிறேன்” என்று காலை எட்டு மணிக்கு எப்படிச் சொல்வது?

“மீன் குளம்” என்றேன்.

அவர் முகம் விளக்குப் போட்டதுபோலப் பிரகாசித்தது. அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் ஒரு மீன் குளத்துக்காக ஏங்கியிருக்கிறார் போலும். அடுத்த நாளே குளத்தடியில் விரிக்கும் தடித்த கறுப்பு ரப்பர் விரிப்பு ஒன்றைச் சுருட்டித் தோளில் சுமந்து வந்தார். அதற்கடுத்த நாள் தவளைகளைப் பற்றி அரை மணி நேரம். “முடக்கு வைத்திருப்பது நல்ல யோசனை, மீன்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும்” என்று பாராட்டினார். ஒதுங்கப்போகிற மீன் நான்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

பிறகு தண்ணீர் ஊறத் தொடங்கியது. இங்கே அடியில் களிமண். உருகிய பனியெல்லாம் நான் விட்ட வாசலால் உள்ளே வந்தது. மூன்றாம் நாள் முழங்கால் அளவு தண்ணீர். என் பொய் என்னைவிட வேகமாக வேலை செய்து குளமாகிக்கொண்டிருந்தது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. வெயில். வேலியோரத்து பேர்ச் மரத்தில் இலை அப்போதுதான் விரிந்திருந்தது. நான் குழியின் விளிம்பில் குந்தியிருந்து வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அப்பால் தக்காளிக் கன்றுகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அப்போது சங்கு ஊதியது.

ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிற ஊளை. விமானத் தாக்குதலுக்கு எச்சரிக்கை ஊதுகிற அதே ஊளை. என் தலை யோசிக்கவே இல்லை. உடம்பு யோசித்தது. வாளியை எறிந்தேன், பாய்ந்தேன், முடக்கில் திரும்பினேன், காதைப் பொத்தினேன், வாயைத் திறந்தேன், குந்தினேன். ‘சளக்’ என்று கழுத்துவரை தண்ணீர். உருகிய பனித் தண்ணீர்! திறந்த வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது, மனைவி மேல்மாடி ஜன்னலைத் திறந்து “ஐயோ, ஆர் ஆட்டை வெட்டுறது?” என்று கேட்டது மட்டும் ஞாபகம்.

நிமிர்ந்து பார்த்தேன். மேலே வானம், வானத்தின் ஓரத்தில் ஆசிரியரின் முகம்.

“குளிராக இருக்கிறதா?” என்றார்.

“இல்லை. நல்ல தண்ணீர்.”

“மீன் விடுவதற்கு முன் நீங்களே சோதிக்கிறீர்களா?”

“ஆமாம்.”

“பொறுப்பான வேலை” என்று தலையாட்டினார்.

ஊளை அவர் வீட்டுப் பக்கத்திலிருந்துதான் வந்தது. அது நின்றதும் ஒரு பெண் கைபேசியைப் பிடித்தபடி ஓடி வந்தாள். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். ஆசிரியரும் மனைவியும் தங்கள் கீழ்த்தளத்து அறைகளை உக்ரேனிலிருந்து வந்த ஒருத்திக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்; பார்த்தது அன்றுதான்.

“மன்னிக்க. மன்னிக்க. இங்கே இல்லை. அங்கே” என்றாள், கற்றுக்கொண்ட சில நோர்வேஜியச் சொற்களில். அவள் ஊரில் சங்கு ஊதும்போதெல்லாம் கைபேசியும் ஊதுமாம். அப்படி ஒரு செயலி. அவளுடைய அப்பா இன்னும் அந்த ஊரில் இருக்கிறார். அங்கே ஊதினால் இங்கே இவளுக்குத் தெரியவேண்டும்.

நான் பற்கள் அடிக்க மேலே ஏறினேன். அவள் மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டுக் குழியைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். முடக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது குளம் இல்லை.”

ஆசிரியர் தக்காளிக்குத் திரும்பிப் போயிருந்தார், நல்லவேளை.

“இல்லை” என்றேன்.

“ஷெல்லுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்?”

இருபத்தைந்து வருடமாக இந்த நாட்டில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. நனைந்த கோழிபோல நடுங்கிக்கொண்டு, எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல! “ஆள் நின்றால் தலை தெரியக்கூடாது. அதற்கு மேல் கூரை. கூரைக்கு மேல் மண்” என்று தொடங்கி, மனைவி துவாயோடு வந்து என்னை இழுத்துக்கொண்டு போகும்வரை நிறுத்தவில்லை. அவளையும் மனைவி விடவில்லை. உள்ளே கூட்டி வந்து தேத்தண்ணியும் உளுந்து வடையும் வைத்தாள். அந்தப் பிள்ளை வடையைக் கடித்து, மிளகாய் பட்டுக் கண்ணீர் விட்டுக்கொண்டே தன் கதையைச் சொன்னாள். எந்தக் கண்ணீர் எதற்கு என்று பிரிக்க முடியவில்லை.

அவளுக்கு அப்பா மட்டும்தான். எழுபது கடந்தவர், ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊரின் ஓரத்தில் சின்ன வீடு, கோழிகள், தோட்டம். வரச் சொன்னால் வரமாட்டார்: “ரஷ்யன் போகட்டும், நான் ஏன் போகவேண்டும்?” வீட்டுக்கு அடியில் நிலவறை இருக்கிறது. ஆனால் மூன்று வீடு தள்ளி ஒரு வீடு இடிந்து விழுந்து, நிலவறையின் வாசலை மூடி, உள்ளே இருந்த இருவர் வெளியே வரவே இல்லை. அன்றிலிருந்து கிழவர் நிலவறைக்கும் போகமாட்டார். சங்கு ஊதினால் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பாராம்.

“நீங்கள் சொல்லித் தருவீர்களா? தோட்டத்தில், வெளியே, இப்படி ஒன்று?” என்றாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் இருபத்து மூன்று வருட மணவாழ்க்கையில் இரண்டாவது தடவையாக, கேலி இல்லாமல்.

“சொல்லிக் குடுங்கோவன்” என்றாள்.

அன்று மத்தியானமே காணொலி அழைப்பு. ஒஸ்லோவில் குழியின் ஓரத்தில் நான்; என் பக்கத்தில் கைபேசியைப் பிடித்தபடி அவள்; திரைக்குள் வெள்ளை மீசையும் சந்தேகக் கண்ணுமாக ஒரு கிழவர். நான் நோர்வேஜியத்தில் சொல்ல, அவள் உக்ரேனியத்தில் சொல்ல, அவர் அங்கிருந்து திருப்பி எறிய, சொற்கள் பந்துபோல ஓடின.

“அப்பா கேட்கிறார், உங்கள் பங்கரில் ஏன் தண்ணீர்?”

“இது மாதிரிக்கு மட்டும் என்று சொல்லுங்கள்.”

அவர் நீளமாக ஏதோ சொன்னார். அவள் சிரிப்பை அடக்கினாள்.

“என்ன சொல்கிறார்?”

“கடற்படைக்கு ஆள் எடுக்கிறாரா என்று கேட்கிறார்.”

இவன் எங்கள் ஆள்! அந்த நொடியிலேயே எனக்குக் கிழவரைப் பிடித்துப்போயிற்று. ஆப்பிள் மரத்தின் கீழே, நிழலில் வெட்டுகிறேன் என்றார். நான் குதித்தேன். மரத்தின் கீழே வேண்டாம். ஷெல் கொப்பில் பட்டு மேலேயே வெடித்தால் துண்டெல்லாம் மழைபோலக் கீழே கொட்டும். சுவரை விட்டும் தள்ளி இருக்கவேண்டும், சுவர் விழும். “வெயிலில் எப்படி உட்காருவது?” என்றார். “கூரை போட்டபின் வெயில் எங்கே?” என்றேன். கொஞ்சம் யோசித்து, “அதுவும் சரி” என்றார். கூரைக்கு மரக்குற்றி தேடவேண்டுமே என்று நான் கவலைப்பட்டபோது, அவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போனார். அங்கே ரயில் பாதைச் சிலிப்பர் கட்டைகள், பத்துப் பன்னிரண்டு, அடுக்கி வைத்திருந்தார்!

நான் எழும்பி நின்று கூச்சல் போட்டேன். எங்கள் நாட்டில் ரயில் பாதையையே கழற்றித்தான் பங்கர்களை மூடினார்கள். சிலிப்பர் கட்டைக்கு நிகரான கூரை உலகத்திலேயே இல்லை. நான் ஏன் அவ்வளவு துள்ளுகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை, கிழவருக்கு விளங்கியது. திரைக்குள் அவரும் ஒரு கட்டையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

அடுத்த மூன்று கிழமை நான் மோர்டென்ஸ்ருட்டில் இருந்துகொண்டு உக்ரேனில் மண் வெட்டினேன். தினமும் படம் வரும். நான் சமையலறையில் கரண்டியை வைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, திருத்தம் அனுப்புவேன்: முடக்கு இன்னும் கூர்மையாக, வாசல் சண்டை நடக்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக, படி ஒன்று, முழங்கால் வலிக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கை கொடுத்தார். கட்டை இரண்டு அடுக்கு, அதற்கு மேல் மண்மூட்டை, அதற்கு மேல் மண், அதற்கு மேல் கிழவர் தன் சொந்த யோசனையில் பூசணி விதை ஊன்றினார். “இந்த மனுசன் எங்கடை வீட்டுத் தண்ணிக் குழாயை ஒருக்காலும் திருத்தினதில்லை” என்று மனைவி அந்தப் பெண்ணிடம் முறைப்பாடு சொன்னாள். “அங்கை போய் அரண்மனை கட்டுறார்.”

கட்டி முடிந்தது. மணவறை அலங்காரம்போல ஒரு படம் வந்தது. மறுநாள் அங்கே சங்கு ஊதியது. அவள் அழைத்தாள், கிழவர் எடுத்தார், குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா! பங்கர்?”

அது நல்ல பங்கராம். குளிர்ச்சியாக இருக்கிறதாம். உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறாராம்.

அவள் வேலியோரத்தில் நின்று அழுததை அன்றுதான் பார்த்தேன். கெஞ்சினாள், கத்தினாள். கிழவர் அசையவில்லை. தனியாக ஒரு குழிக்குள் கிழங்கோடு கிழங்காக உட்கார்ந்திருப்பது அவருக்குக் கேவலமாக இருக்கிறதாம். பார்க்கிறவன் சிரிப்பானாம்.

சிரிப்பதைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? கைபேசியை வாங்கினேன்.

“அவரிடம் சொல்லுங்கள்: அங்கே ஊதினால் நானும் இங்கே இறங்குகிறேன். இரண்டு பேரும் கேவலப்படுவோம். என்னுடையதில் தண்ணீர் வேறு.”

அவள் சொன்னாள். கிழவர் மீசையைத் தடவினார். “முதலில் அவன் இறங்கட்டும், பார்ப்போம்.”

இறங்கினேன். ஆசிரியர் இரவல் தந்த பம்பால் தண்ணீரை இறைத்து, அடியில் பலகை போட்டு, பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அடுத்த சங்குக்கு அதில் உட்கார்ந்தேன். திரையில் கிழவர் பெருமூச்சு விட்டு, தேநீர்க் கோப்பையோடு எழும்பினார்.

அன்றிலிருந்து அது எங்கள் ஒப்பந்தம். என் கைபேசியிலும் அந்தச் செயலியைப் போட்டேன். இரவில் ஊதினால் அவர் மகள் பாடு. பகலில் என் பாடு. வீட்டில் இருந்தால் குழி. வேலையில் இருந்தால் சமையலறையின் கிழங்கு அறை. கிழங்குச் சாக்குகளுக்கு நடுவே குந்தி ஒரு படம் எடுத்து அனுப்புவேன், அவரும் தன் கிழங்குகளுக்கு நடுவிலிருந்து அனுப்புவார். மேலாளர் ஒருநாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்தினார். மழை பெய்தால் குடையோடு இறங்குவேன். மனைவி மேலே நின்று, “தேத்தண்ணியை இறக்கவோ, இல்லாட்டி ஏறி வந்து குடிக்கிறியளோ? உங்கடை சண்டை எப்ப முடியும்?” என்பாள். என் மகளின் சிநேகிதிகள் மூன்று பேர் வந்திருந்த நாளில் நான் குழிக்குள்ளிருந்து தலையை நீட்டி வணக்கம் சொன்னேன். “ஆர்லி தால்த், அப்பா!” கதவுச் சத்தம் மோர்டென்ஸ்ருட் ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும்.

வரிசை வீட்டுச் சங்கத்திலிருந்து, அனுமதியில்லாத பள்ளத்தை மூடுமாறு கடிதம் வந்தது. நான் பதறி ஆசிரியரிடம் ஓடினேன். அவர் கடிதத்தை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார். “என் மனைவி அந்தப் பெண்ணிடம் கேட்டு எனக்குச் சொன்னாள், அது என்ன என்று” என்றார். “ஆனால் குளம் என்று நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். நான் சங்கத்துக்கு அப்படியே எழுதுகிறேன். குளம் கட்ட நாளெடுக்கும்.” எழுதினார், இரண்டு பக்கம். ஒரு பக்கம் முழுக்கத் தவளைகள்.

கிழவரோடு எனக்குப் பொதுவான மொழி இல்லை. ஆனால் தினமும் இருபது நிமிடம் ஒரு மனிதனைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தால் ஏதாவது முளைக்கும். அவர் கிழங்கைக் காட்டுவார், நான் கத்தரிக்காயைக் காட்டுவேன். ஒரு சொல் மட்டும் கற்றுக்கொண்டேன்: ‘வ்னிஸ்’. கீழே என்று பொருள். அவர் சுணங்கினால் நான் கத்துவேன்: “வ்னிஸ்! வ்னிஸ்!” அவர் எனக்கு ஏதோ பதில் சொல்வார். அதை மட்டும் அவர் மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

செப்டெம்பரில் ஒரு வேலைநாள். எனக்கு விடுமுறை. கிழவரின் மகள் மொழி வகுப்புக்குப் போயிருந்தாள். முற்பகல் சங்கு ஊதியது. நான் குழியில் இறங்கி அழைத்தேன். கிழவர் குசினியில். அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைக் காட்டி, பானையைக் காட்டி, ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து நிமிடம்.

“வ்னிஸ்!” என்றேன்.

பானையைக் காட்டினார்.

நான் எழும்பி, சேற்றில் நின்று, கைபேசியை என் முகத்திலிருந்து பாதம்வரை இறக்கிக் காட்டினேன்: பார், நான் நிற்கிறேன், நனைகிறேன், எனக்கு என்ன சூப் இல்லையா? எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. தமிழில் கத்தினேன்: “யோவ் கிழவா, உன்ரை மகள் வந்து என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? இறங்குமையா!” ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தோட்டத்தால் நடந்தார், முணுமுணுத்துக்கொண்டே. வெயில், கோழிகள், படி, இருட்டு, சிலிப்பர் கட்டை. முடக்கில் திரும்பி உட்கார்ந்து, கரண்டியால் என்னை மிரட்டினார்.

பிறகு படம் நின்றது.

முதலில் வலையமைப்பு என்று நினைத்தேன். திரும்ப அழைத்தேன். போகவில்லை. பத்துத் தடவை. இருபது தடவை. மனைவிக்கு அழைத்தேன், “படம் நிண்டிட்டு புள்ள, படம் நிண்டிட்டு” என்பதைத் தவிர வேறொன்றும் என் வாயில் வரவில்லை. அவள் கடையில் சொல்லிவிட்டு ரயிலேறி வந்தாள். வந்தவள், வேலைக்குப் போன உடுப்போடே குழிக்குள் இறங்கி என் பக்கத்தில் குந்தினாள். நான் மேலே ஏறினால் அங்கே ஏதோ நடந்துவிடும் என்று என் விசர் மூளை சொன்னது. அதனால் ஏறவில்லை.

வகுப்பு முடிந்து கிழவரின் மகள் வந்தபோது நாங்கள் இருவரும் குழிக்குள் இருந்தோம். கையில் புத்தகத்தோடு விளிம்பில் வந்து நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

“இறங்கினாரா?” என்று மட்டும் கேட்டாள்.

“இறங்கினார். நான் பார்த்தேன். உட்கார்ந்தார். பிறகு படம் நின்றுவிட்டது.”

அவள் விளிம்பில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டாள். ஆசிரியர் வேலிக்கு அப்பால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். பின்னேரம் நாலு மணிக்கு, தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து, அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அழைத்தார்.

ஷெல் விழுந்தது குசினியில். குசினியும் அதையொட்டிய அறையும் இல்லை. பங்கர் வாசலை மண் மூடியிருந்தது; கிழவரைக் கட்டைகளுக்கு அடியிலிருந்து அயலவர்கள் தோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. உயிரோடு இருந்தார். இடது காது கேட்கவில்லை, இன்றுவரை கேட்பதில்லை. வெளியே நின்ற கோழிகள் எல்லாம் செத்துப்போயின.